பாதிச் சுற்றில் நிற்கும் பொம்மை நீராவி எஞ்சின்: லேத் பட்டறைக்குப் போகுமுன்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தபோது வாங்கிவந்த பொம்மை நீராவி எஞ்சின் ஒன்று பரணில் கிடைத்திருக்கிறது. படுக்கைவாட்டில் ஒரு பித்தளைக் கொதிகலன், பக்கத்தில் ஆடுகிற ஒற்றைச் சிலிண்டர், அடித்தகட்டில் மாமோட் என்ற பெயர். தண்ணீர் ஊற்றிக் காய்ச்சினால் ஆவி வருகிறது. சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டால் பாதிச் சுற்று போய் நின்றுவிடுகிறது, சில சமயம் பின்வாங்கவும் செய்கிறது. சிலிண்டர் ஓரத்தில் 'உஸ்' என்று ஆவி கசிகிறது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார், ஸ்பிரிங்கை முறுக்கிப் பார்த்தார், பலனில்லை. பக்கத்து லேத் பட்டறையில், "சிலிண்டர் தேய்ந்துபோச்சு, உள்ளே கடைந்து புது பிஸ்டன் போட்டால்தான் ஓடும்" என்றார்களாம். போடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி, இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் கோளாறு சிலிண்டருக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கடைந்து எடுத்த பித்தளை திரும்ப வராது. அதனால் உலோகத்தைக் குறைக்கிற வேலை எதுவானாலும், மற்றதையெல்லாம் பார்த்து முடித்தபிறகு கடைசியாகத்தான் வரவேண்டும்.

இந்த எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிப் பழுது தானே விளங்கிவிடும். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு 1904இல் திறந்த மலைப்பாதையில் ஓடிய கரி எஞ்சின்களைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவற்றில் ஆவியை எப்போது உள்ளே விடுவது, எப்போது வெளியே விடுவது என்பதைக் கவனிக்க வால்வும் அதை ஆட்டும் கம்பிகளும் தனியாக உண்டு. உங்கள் பொம்மையில் அதெல்லாம் கிடையாது. சிலிண்டரே ஒரு முளையில் தொங்கி இடமும் வலமும் ஆடுகிறது. சிலிண்டரின் தட்டையான முகத்தில் ஒரு துளை. அது உரசி நிற்கும் பித்தளைக் கட்டையில் இரண்டு துளைகள், ஒன்று ஆவி வரும் வழி, மற்றது ஆவி போகும் வழி. சிலிண்டர் ஒரு பக்கம் ஆடும்போது அதன் துளை முதல் வழியோடு பொருந்தி ஆவி பிஸ்டனைத் தள்ளுகிறது. மறுபக்கம் ஆடும்போது இரண்டாவது வழியோடு பொருந்தி ஆவி வெளியேறுகிறது. தள்ளு கிடைப்பது பாதிச் சுற்றுக்கு மட்டும்தான். மீதிப் பாதியைக் கனமான சக்கரம் தன் வேகத்தில் இழுத்துக்கொண்டு போகவேண்டும்.

ஆகவே பாதிச் சுற்றில் நிற்கிறது என்றால் ஆவி போதிய அளவு வரவில்லை, அல்லது வந்த ஆவி வழியில் நழுவுகிறது, அல்லது கிடைத்த தள்ளை ஏதோ ஓர் உராய்வு தின்றுவிடுகிறது. மூன்றையும் தனித்தனியே சோதிக்கமுடியும். நெருப்பு மூட்டாமலேயே சோதிக்கலாம் என்பதுதான் இதில் நல்ல சேதி.

நெருப்பைப் பற்றிப் பேசும்போதே முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு வால்வைச் சோதிக்காமல் இனி அந்தக் கொதிகலனைக் காய்ச்சாதீர்கள். பல காலம் பரணில் கிடந்த வால்வில் சுண்ணாம்பும் களிம்பும் ஏறி, ஸ்பிரிங் இறுகி அசையாமல் இருக்கும். அந்த வால்வின் தண்டைக் கிள்ளி இழுத்தால் மேலே வந்து, விட்டால் பட்டென்று தன் இடத்தில் உட்காரவேண்டும். உட்காரவில்லை என்றால் கழற்றி வெள்ளை வினிகரில் ஊறவிடுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் புதிது வாங்குங்கள். மாமோட் 1937இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஜெஃப்ரி மாலின்ஸ் தொடங்கிய நிறுவனம். அந்தப் பெயரில் எஞ்சின்கள் இன்றும் வருகின்றன, உதிரிபாகங்களும் கிடைக்கின்றன. வால்வு கசிகிறது என்று அதை ஈயம் வைத்து அடைக்கும் வேலையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இனி சோதனைக்கு வருவோம். சிலிண்டரைத் தாங்கும் முளையின் பின்பக்கம் உள்ள நட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, சிலிண்டரைப் பிஸ்டனோடு வெளியே எடுங்கள். பிஸ்டனில் ஒரு சொட்டுக் கெட்டி எண்ணெய் விடுங்கள். முகத்தில் உள்ள துளையை விரலால் இறுக மூடிக்கொண்டு பிஸ்டனைக் கொஞ்சம் வெளியே இழுத்து விடுங்கள். அது 'குப்' என்று உள்ளே திரும்பினால் சிலிண்டரும் பிஸ்டனும் நன்றாகவே இருக்கின்றன. பட்டறையில் சொன்னது தவறு என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். மெதுவாகத் திரும்பினாலும் பரவாயில்லை, கெட்டி எண்ணெயே அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். இழுத்த இடத்திலேயே நின்றால்தான் தேய்மானத்தைப் பற்றி யோசிக்கவேண்டும்.

பிஸ்டன் அசையவே இல்லை என்றால் அதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் விட்ட எண்ணெய்தான். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் சூட்டிலும் காற்றிலும் நாளடைவில் பிசினாக மாறி வார்னிஷ் பூசியது போல ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் சில நாள் ஊறப் போடுங்கள், பிறகு கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் வையுங்கள். பிஸ்டன் கம்பியைக் குறடால் பிடித்து இழுத்தால் கம்பி வளையும், பிறகு அதுவே புதுக் கோளாறாகிவிடும். முரண்டு பிடிக்கும் பிஸ்டனுக்கு ஒரு வழி உண்டு. முகத்தில் உள்ள துளை வழியாகக் கிரீஸ் துப்பாக்கியால் கிரீஸைச் செலுத்தினால் பிஸ்டன் அலுங்காமல் குலுங்காமல் வெளியே வரும். கிரீஸ் காற்றைப்போல அமுங்காது என்பதால் பிஸ்டன் திடீரென்று தெறித்து ஓடவும் செய்யாது.

உங்கள் எஞ்சினில் சக்கரம் கையால் சுழல்கிறது என்கிறீர்கள். ஆகவே பிஸ்டன் பிடித்துக்கொள்ளவில்லை. என் கணிப்பு முழுவதும் அந்த உரசும் முகங்களின் மேல்தான்.

சிலிண்டரைத் திரும்பப் பொருத்திவிட்டு, இருட்டிய அறையில், பின்னால் ஒரு சிறிய டார்ச் விளக்கை வைத்து, சிலிண்டர் முகமும் கட்டையும் சேரும் கோட்டைப் பக்கவாட்டில் கண் மட்டத்தில் பாருங்கள். சக்கரத்தை மிக மெதுவாக, கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். நல்ல எஞ்சினில் எந்த இடத்திலும் வெளிச்சம் தெரியாது. கோளாறு உள்ள எஞ்சினில், தலைமயிர் தடிமனுக்கு ஒரு வெளிச்சக் கீற்று ஓரிடத்தில் தோன்றும், மேலும் திருப்பினால் மறையும், ஒரு சுற்று முடிந்ததும் அதே இடத்தில் திரும்பத் தோன்றும். அந்தக் கீற்று வழியாகத்தான் உங்கள் ஆவி போய்க்கொண்டிருக்கிறது. எல்லா இடத்திலும் சமமாகக் கீற்று தெரிந்தால் முகம் தேய்ந்து குழிந்திருக்கிறது அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் வந்து போனால் முகத்தில் குற்றமில்லை. முளை சாய்ந்திருக்கிறது, அல்லது தகட்டுச் சட்டம் முறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டன் கம்பி மாட்டியிருக்கும் கிராங்க் தட்டு கோணலாக இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்காமல் உப்புத்தாளை எடுப்பவர்கள்தான் அதிகம். கோணலான முளையோடு முகத்தை எவ்வளவு தேய்த்தாலும் அது பொருந்தவே பொருந்தாது.

எஞ்சின் நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் சக்கரம் ஒரே நிலையில் வந்து நின்றால் கோணல். கண்ட கண்ட இடத்தில் நின்றால் பொதுவான கசிவு அல்லது ஆவிப் பற்றாக்குறை. சக்கரத்தின் விளிம்பில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவைத்தால் இது எளிதில் தெரியும்.

சட்டம் முறுகியிருக்கிறதா என்று பார்க்க, எஞ்சினை ஒரு கண்ணாடிப் பலகைமேல் வைத்து நான்கு மூலையும் படிகிறதா என்று பாருங்கள். கீழே விழுந்த பொம்மைகளில் இது மிகச் சாதாரணம். மரக்கட்டையை அண்டக் கொடுத்து, கை வலுவிலேயே சிறிது சிறிதாக நிமிர்த்தலாம். சுத்தியல் தேவையில்லை. சிலிண்டர் முளை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதைச் சிறு மூலைமட்டத்தால் இரண்டு திசையிலும் பாருங்கள். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் கொடுத்தால் பெரிய லேத் பட்டறையைவிடப் பொறுமையாக இதைச் செய்துகொடுப்பார். அவருடைய கருவிகளும் இந்த அளவு வேலைக்கென்றே அமைந்தவை.

கோணலெல்லாம் சரியானபின் முகங்களைச் சமப்படுத்தலாம். தடித்த கண்ணாடிமேல் 800 எண் நீர்க்காகிதத்தை விரித்து, எண்ணெய் விட்டு, சிலிண்டர் முகத்தை எட்டு வடிவத்தில் தேய்க்கவேண்டும், பிறகு 1200. ஆனால் முளை நீட்டிக்கொண்டிருப்பதால் அப்படியே கண்ணாடிமேல் வைக்கமுடியாது. சமமான அக்ரிலிக் பலகையில் முளை நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டு, காகிதத்திலும் அதே இடத்தில் துளையிட்டு, அந்தத் துளை இடம்தரும் அளவுக்கு முன்னும் பின்னும் சிறிது சிறிதாகத் தேய்த்தால் வேலை நடக்கும். தொடங்குமுன் முகம் முழுவதும் பேனா மையைத் தடவிக்கொள்ளுங்கள். மை எல்லா இடத்திலும் ஒருசேர மறைந்தால் போதும், அதற்குமேல் ஒரு தேய்ப்புகூட வேண்டாம். கட்டையின் முகத்தைத் தட்டையான பித்தளைக் குச்சியில் காகிதம் ஒட்டித் தேய்க்கலாம். மோட்டார்சைக்கிள் மெக்கானிக் வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்டை இங்கே தொடவே கூடாது. அதன் கூர்மையான துகள்கள் மென்மையான பித்தளைக்குள் புதைந்துகொண்டு, எஞ்சின் ஓடும் காலமெல்லாம் எதிர்முகத்தை அறுத்துக்கொண்டே இருக்கும்.

ஸ்பிரிங்கை இறுக்கியதாகச் சொன்னீர்கள். அதைப் பழைய நிலைக்குத் தளர்த்துங்கள். இறுக்கினால் கசிவு குறைவது போலத் தெரியும், ஆனால் உராய்வு கூடி, இருக்கிற தள்ளும் வீணாகும். இன்னொரு காரணமும் உண்டு. கொதிகலனில் அழுத்தம் அளவுக்கு மீறினால், இந்த ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து சிலிண்டர் கட்டையிலிருந்து சற்றே விலகி ஆவியை வெளியேற்றும். வலுவான ஸ்பிரிங்காக மாற்றுகிறவர்கள் தங்களுக்குத் தெரியாமலே ஒரு பாதுகாப்பை எடுத்துவிடுகிறார்கள்.

ஆவி போதிய அளவு வருகிறதா என்பதை அறிய, கொதிகலனிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, சிலிண்டர் பக்கத்துக்கு மட்டும் சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். எஞ்சின் காற்றில் ஓடி ஆவியில் ஓடவில்லை என்றால் குழாயிலோ கொதிகலன் வாயிலோ சுண்ணாம்பு அடைப்பு இருக்கிறது. பழைய பற்றாசுத் துளி உள்ளே உருண்டு கிடந்து அடைத்திருப்பதும் உண்டு. சோப்பு நீர் தடவினால் கசியும் இடமெல்லாம் குமிழ் விடும். ஆனால் கொதிகலனுக்குள் காற்றடித்துச் சோதிக்கக்கூடாது. அடைபட்ட காற்று, பித்தளை கிழிந்தால் துண்டுகளைத் தூக்கி எறியும். கொதிகலனைத் தண்ணீரால்தான் சோதிக்கவேண்டும். காற்றுக் குமிழ் இல்லாமல் தளும்பத் தண்ணீர் நிரப்பி, குழாய் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப்போல இரண்டு மடங்கு வரை ஏற்றுங்கள். இந்த வகைக் கொதிகலன்கள் ஒன்று, ஒன்றரை பார் அழுத்தத்தில் ஓடுபவை, ஆகவே மூன்று பாருக்கு மேல் போகவேண்டாம். அந்தப் பம்பில் உள்ள பெரிய அழுத்தமானியில் மூன்று என்பது முள் அசைந்ததா என்றே தெரியாத அளவு. சிறிய மானி ஒன்றைத் தனியாகப் பொருத்திக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் முள் இறங்காமல் நின்றால் கொதிகலன் நன்று. உடைந்தாலும் தண்ணீர் சொட்டுவதோடு போய்விடும்.

கொதிகலன் மூட்டில் கசிந்தால் என்ன செய்வது என்பதில் பலர் அவசரப்படுகிறார்கள். இரண்டு குழம்பைக் கலந்து ஒட்டும் பசை கொதிகலன் சூட்டுக்குத் தாங்காது. பழைய பொம்மைகள் பல வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசால் பற்றவைத்தவை, அது உருகுவது 183 டிகிரியில். ஒன்றரை பார் அழுத்தத்தில் ஆவியின் சூடு சுமார் 127 டிகிரி. தண்ணீர் இருக்கும்வரை கவலையில்லை. தண்ணீர் வற்றியும் நெருப்பு எரிந்துகொண்டிருந்தால் மூட்டு விட்டுவிடும். பழைய பற்றாசை முழுதும் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளி கலந்த வெள்ளீயப் பற்றாசால் திரும்பப் பற்றவைக்கலாம். அது 221 டிகிரியில் உருகுவது, சற்றுக் கூடுதல் தெம்பு. திருநெல்வேலி டவுனில் நகைப் பட்டறை வைத்திருப்பவர்கள் வெண்காரம் போட்டு வெள்ளிப்பற்று வைப்பதில் கைதேர்ந்தவர்கள், ஆனால் அந்த வேலைக்கு 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஒரு மூட்டுக்கு அந்தச் சூட்டைக் காட்டினால் மற்ற மூட்டுகள் எல்லாம் உருகி ஓடும். காரீயத்தின் மிச்சம் ஒட்டியிருந்தால் வெள்ளிப்பற்றும் கெடும். ஆகவே இரண்டையும் கலக்காதீர்கள்.

பித்தளையில் ஆங்காங்கே செம்பு நிறத்தில், ரோஜா நிறத்தில் திட்டுகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் பஞ்சு போல மிஞ்சியிருப்பதன் அடையாளம் அது. புளி போட்டுத் தேய்த்தாலும் பித்தளை மேலாகச் சிவக்கும், அது மெருகு போட்டால் போய்விடும். போகாத திட்டு என்றால் அந்தக் கொதிகலனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, எஞ்சினைக் காற்றில் மட்டும் ஓட்டுங்கள். புளியும் உப்பும் சேர்த்துத் துலக்கியிருந்தால் ஆப்பசோடா கரைத்த நீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கவேண்டும். உப்பு தங்கினால் அது தன் வேலையைக் காட்டும். வண்ணம் பூசிய பாகங்கள் பக்கமும், ஒட்டுப்படம் பக்கமும் புளியும் தின்னரும் போகவேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய எஞ்சின்களில் வாஷர், கயிறு, விளக்குத் திரி ஆகியவை கல்நாரில் (ஆஸ்பெஸ்டாஸ்) செய்யப்பட்டிருக்கலாம். நரைத்த, நார் நாரான எதையும் உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். நனைத்து எடுத்து, மூடிய பையில் போட்டுவிடுங்கள்.

திருகுகள் விஷயத்தில் நம் ஊர்ப் பட்டறைகளில் அடிக்கடி தவறு நடக்கிறது. இங்கிலாந்துப் பொம்மைகளில் பழைய அங்குலக் கணக்கு மரையும், பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற சிறு திருகுகளுக்கான மரையும் இருக்கும். விலெஸ்கோ போன்ற ஜெர்மானியப் பொம்மைகளில் மில்லிமீட்டர் மரை. நான்காம் எண் பி.ஏ. திருகு 3.6 மில்லிமீட்டர் பருமன். நட்டு போல்ட் கடையில் கிடைக்கும் 4 மில்லிமீட்டர் திருகை அதில் வலிந்து ஏற்றினால் பித்தளை மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். விரலால் மூன்று சுற்று போகாத திருகு அந்தத் துளைக்கு உரியது அல்ல.

பிஸ்டன் உண்மையிலேயே தளர்ந்திருந்தால்கூட கடைசலுக்கு முன் ஒரு மருந்து உண்டு. பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் தங்கும் பள்ளக் கோடு (காடி) ஓடியிருந்தால், குழாய்க்குச் சுற்றும் டெஃப்லான் நாடாவை நூலாக முறுக்கி அந்தக் காடியில் சுற்றி, சிலிண்டருக்குள் இதமாகப் போகும் அளவுக்கு வையுங்கள். அதிலும் முடியாவிட்டால்தான் கடைசல்.

எண்ணெய் எது என்று கேட்பீர்கள். 460 என்று குறித்த நீராவி சிலிண்டர் எண்ணெய், எண்ணெய்க் கடைகளில் கேட்டால் வரவழைத்துக் கொடுப்பார்கள். தையல் மிஷின் எண்ணெய் ஆவியில் கழுவிக்கொண்டு போய்விடும். லாரிக் கியர் எண்ணெயில் கந்தகச் சேர்மானம் இருக்கும், சூட்டில் அது பித்தளையைக் கறுக்கவைத்து அரிக்கும்.

தண்ணீருக்கு, ஐப்பசி மழையில் வெட்டவெளியில் பிடித்து வடிகட்டியது நல்லது, இல்லையென்றால் காய்ச்சி வடித்த தண்ணீர். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் கொதிகலனுக்குள் சுண்ணாம்புத் தோல் பிடிக்கும். ஏற்கெனவே பிடித்திருந்தால் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊற்றிச் சில மணி நேரம் வைத்து, பலமுறை அலசுங்கள். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நிரம்பினால் ஆவியோடு தண்ணீரும் குழாயில் ஏறி, சிலிண்டரில் சிக்கி, பிஸ்டனை அசையவிடாமல் செய்யும்.

எரிபொருளில் சூடம் வேண்டாம். பலர் அதைத்தான் கொளுத்துகிறார்கள். அதன் கரி கொதிகலன் அடியில் படிந்து சூட்டை ஏறவிடாது, உயர்ந்து எரியும் சுடர் வண்ணத்தைக் கருக்கும். மெதிலேட்டட் ஸ்பிரிட் தமிழ்நாட்டில் உரிமக் கட்டுப்பாட்டில் உள்ளது, நச்சும்கூட, பகல் வெயிலில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. மலையேறுகிறவர்கள் அடுப்புக்குப் பயன்படுத்தும் ஹெக்ஸமின் வில்லைகள்தான் இந்த எஞ்சினுக்குத் தோது. அதன் புகை நல்லதல்ல என்பதால் தாழ்வாரத்திலோ முற்றத்திலோ வைத்து ஓட்டுங்கள்.

எல்லாம் சரியானபின் முதல் ஓட்டத்தில் ஒன்றை எதிர்பாருங்கள். குளிர்ந்த சிலிண்டருக்குள் நுழையும் ஆவி உடனே தண்ணீராகிவிடும். சக்கரம் கனக்கும், கக்கிக் கக்கி நிற்கும். அதைப் பழுது என்று எண்ணித் திரும்பக் கழற்றாதீர்கள். ஒரு துணியை வைத்துக்கொண்டு, சக்கரத்தை அது ஓடும் திசையில் கையால் சுற்றிக்கொண்டே இருங்கள். சிலிண்டர் தொடமுடியாத அளவு சூடானதும் தண்ணீர் துப்புவது நின்று, சக்கரம் உங்கள் விரலிலிருந்து தானே விடுபட்டுப் போகும். கண்ணாடி அளவியில் தண்ணீர் கால் பங்குக்கு வருமுன் நெருப்பை அணைத்துவிடுங்கள். ஆறியபின் கொதிகலனைக் கவிழ்த்து வடித்து, வால்வைக் கழற்றி ஓர் இரவு காயவிட்டு, சிலிண்டர் முகத்தில் எண்ணெய் தடவி, ஸ்பிரிங்கை இரண்டு சுற்றுத் தளர்த்திப் பெட்டியில் வையுங்கள்.